அய்யாக்கண்ணுவின் கண்டம்

நாற்பதில் உயிருக்குக் கண்டம் என்று ஜாதக ஓலை சொன்னதை நம்பி, அய்யாக்கண்ணு கல்யாணம், வீடு என்று எதிலும் இறங்காமலே இருந்துவிட்டார். இன்று அவருக்கு நாற்பது நிறைகிறது. தலையில் தேங்காய் விழுமோ என்று சூலியா தெரு அறையின் ஜன்னலைக்கூட அவர் திறக்கவில்லை. அந்தத் தெருவில் தென்னைமரமே கிடையாது.

"சடையா, கால் சில்லுன்னு ஆயிருச்சுடா."

"வெறுந்தரையில படுத்தா அப்படித்தான் லா. ஓலையைக் குடு," என்றார் நண்பர் சடையன். படித்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மடையா! நாற்பதாவது வயசு நடக்கிற வருசத்துலதான் கண்டம். அது நேத்தோட முடிஞ்சுபோச்சு. இனி உனக்கு ஆயுசு எண்பத்தெட்டு!"

அய்யாக்கண்ணுவின் முகம் இன்னும் வெளுத்தது.

"சாகத்தானே போறோம்னு நேத்து ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போனேன்டா. பதினஞ்சு வருசமா மனசுல வச்சிருந்ததைத் தனலெட்சுமிகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு உயிரோட இருந்தா உன்னைத்தான் கட்டுவேன்னு சத்தியமும் பண்ணிட்டேன்."

வாசலில் ரிக்‌ஷா நின்றது. தாம்பூலத் தட்டோடு தனலெட்சுமியின் அப்பா இறங்கினார். பின்னாலேயே அவளுடைய நாலு அண்ணன்மாரும் நடந்து வந்தார்கள்.

அய்யாக்கண்ணு நண்பரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சடையா, இன்னொரு தடவை நல்லாப் பாருடா. கண்டத்துல ஒரு நாளாவது பாக்கி இருக்கா?"