ராணியின் அந்தப்புரம்

"அந்த ரூம் மட்டும் கேக்காதீங்க சார். அது ராணியோட அந்தப்புரம். புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் கொடுப்போம்" என்றாள் வரவேற்பறைப் பெண்.

எதிரே நின்ற இரண்டு கிழவர்களையும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் புதுமாப்பிள்ளைகளாகத் தெரியவில்லை. ஒருவருக்கு முறுக்கிய மீசை, ஓங்கிய குரல். அவருக்கு இரண்டடி பின்னால் நின்றவருக்குத் தடித்த கண்ணாடி. குரல் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

"ராணியா? ஏம்மா, அந்த ஏழாம் நம்பர்ல மூட்டைப்பூச்சிதான் ராஜ்யம் பண்ணிட்டு இருந்துச்சு. ராணி எப்ப குடிவந்தா?" என்றார் மீசைக்காரர்.

அவள் சுவரில் இருந்த பெரிய பலகையைக் காட்டினாள். இப்போது உல்லாச விடுதியாகிவிட்ட கோட்டையின் வரலாறு அதில் பொன்னெழுத்தில் மின்னியது. மன்னர் கட்டினார், ராணி ஏரியில் படகு விட்டாள், அதற்கடுத்த வரியிலேயே 'குடும்பத்தோடு குதூகலிக்க நீர்ச்சறுக்கு'. நடுவில் ஒரு நூறு வருஷத்தை யாரோ ஏப்பம் விடாமல் விழுங்கியிருந்தார்கள்.

"நடுவுல இது ஜெயிலும்மா" என்றார் மீசைக்காரர். "பசங்க காரை மோதி விளையாடுறாங்களே, அந்த இடத்துலதான் காலையில தலை எண்ணுவாங்க. உங்க சறுக்கு ஆரம்பிக்கிற இடம் காவல் கோபுரம். வாத்துப் படகு போற அகழியில அப்பல்லாம் வெறும் பாசி."

"உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு தெரியும்?"

"நாங்க ரெண்டு பேரும் பதினோரு வருஷம் இங்கதானே குப்பை கொட்டினோம். அதே ஏழாம் நம்பர்தான். ஒருத்தர் உள்ள, ஒருத்தர் காவல்."

அவள் மீசையைப் பார்த்தாள். பின்னால் கைகட்டி நின்ற கண்ணாடியையும் பார்த்தாள். யார் எவர் என்று கேட்க வேண்டிய அவசியமே அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக்காரரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இப்ப எப்படி ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க?"

"சம்பந்தி ஆயிட்டோம்ல. இவர் பொண்ணுதான் என் வீட்டு மருமக."

"ஜெயில்ல வச்சா சம்பந்தம் பேசினீங்க?"

"வெளியில வந்தப்புறம்தான். செய்யாத தப்புன்னு கடைசியில கோர்ட்டே சொல்லிடுச்சு. மத்தவங்க சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி நாலு இடத்துல விசாரிப்பாங்க. நாங்க பதினோரு வருஷம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாச்சு. அதுக்கு மேல என்ன விசாரணை வேண்டிக்கிடக்கு?"

சொல்லிவிட்டு மேசை மேல் குனிந்தார். ஓங்கிய குரல் சட்டென்று இறங்கியது.

"கால் மணி நேரம் போதும்மா. வியாழக்கிழமை சம்பந்திக்குக் கண் ஆபரேஷன். அதுக்கப்புறம் பார்வை இருக்குமா இருக்காதான்னு டாக்டரே உறுதி சொல்ல மாட்டேங்கிறார்."

கண்ணாடிக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார். "அந்தக் கதவு திறந்து கிடக்கிறதை ஒரு தடவை கண்ணால பாத்துடணும்மா. கனவுல இன்னமும் பூட்டியேதான் இருக்கு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு மணமக்கள் வந்துவிடுவார்கள். மேனேஜருக்குத் தெரிந்தால் அவளுடைய சீட்டு கிழிந்துவிடும். இருந்தும் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வாடகை வசூலிக்கப் போகும் வீட்டுக்காரர் போல மீசைக்காரர் முன்னால் நடந்தார். போகிற போக்கில் சுவரைத் தட்டினார், தூணை அதட்டினார், பூந்தொட்டியைப் பார்த்து "இது வேறயா" என்றார். கண்ணாடிக்காரர் அதே இரண்டடி இடைவெளியில் பின்தொடர்ந்தார். அவர் நின்றால் இவரும் நின்றார்.

"நீங்க முன்னால போங்க ஐயா" என்றாள் அவள்.

"இருக்கட்டும்மா. பழகிப்போச்சு."

இத்தனை வருஷம் கழித்தும் இந்த மனிதருக்குப் பயம் தெளியவில்லையே என்று அவளுக்கு மீசைக்காரர் மேல் கோபம் வந்தது. சம்பந்தியாம், சம்பந்தி.

அறையைத் திறந்தாள். வட்டக் கட்டில், ரோஜா நிற விரிப்பு, அதன்மேல் அன்னப்பறவையாக மடித்து வைத்த இரண்டு துண்டுகள். கம்பிகள் இருந்த சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஏரி மொத்தமும் அறைக்குள் வந்து நின்றது.

மீசைக்காரர் விறுவிறுவென்று உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு அன்னப்பறவை அவருக்கு அடியில் காலமானது. அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் வாசலோடு நின்றுவிட்டார். கதவை மெல்லத் தள்ளினார். அது இன்னும் அகலமாகத் திறந்தது. விரல்களால் தடவித் தடவித் தாழ்ப்பாளைத் தேடினார்.

"உள்பக்கம் வச்சிருக்காங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்கய்யா. உள்ள இருக்கிறவங்க நினைச்சாத்தான் தாழ்ப்பாள் போட முடியும்" என்றாள் அவள். "பயப்படாம உள்ள போங்க. இனிமே உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் அசையவில்லை. அவள் மீசைக்காரர் பக்கம் திரும்பினாள். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

"என்ன சார், உள்ள போய் சௌகரியமா உக்காந்துட்டீங்க. இவர் வாசல்ல நிக்கிறாரே, வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?"

மீசைக்காரர் எழுந்து வந்தார். கண்ணாடிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய மீசை நடுங்கியது.

"வாங்க சம்பந்தி. பதினோரு வருஷம் கையில சாவியோட வெளியவே நின்னுட்டீங்க, இன்னிக்காவது என் ரூமுக்குள்ள வந்து உக்காருங்க."