காகிதத் தொப்பி

பட்டப்பகலில் எதிர்வீட்டு வாசலில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்டு பில்லைப் பற்றிக் கவலைப்படாத மனுஷங்க போலிருக்கு என்று நினைத்தபடியே ராஸ் காரை நிறுத்தினான். பக்கத்து இருக்கையில் அப்பாவின் சாம்பல் இருந்த தகர டப்பா, அதன்மேல் ஒரு பழைய காகிதத் தொப்பி.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பழைய நெடுஞ்சாலை நெடுக விசாரித்து விசாரித்துத்தான் இங்கே வந்து சேர்ந்திருந்தான். கூரைமேல் பெரிய பசு பொம்மை சுற்றிக்கொண்டிருக்கும் பர்கர் கடை இருந்த இடம். இப்போது வெறும் சிமெண்டுத் தரைதான் மிச்சம், விரிசலெல்லாம் புல். ஓரமாக வண்டியை நிறுத்தி, அறுபதை நெருங்கும் ஒருத்தி சோளக்கதிர் விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் வெல்மா என்றாள்.

"பசு இங்கதான் தம்பி சுத்திச்சு. நான்தான் கார் காராப் போய் ஆர்டர் எடுப்பேன். ஒரு புயல்ல பசு விழுந்துது, பின்னாடியே கடையும் போச்சு."

ராஸ் அந்தச் சிமெண்டுத் தரையைச் சுற்றிப் பார்த்தான். அப்பாவின் சாம்பலைத் தூவ இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது என்றான். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷர், இங்கே வந்த அந்த ஒரு நாள் மட்டும் நாலு வயதுப் பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கித் தந்தார். அழாதே என்று இன்னொரு பர்கரும் வாங்கித் தந்தார். எதற்காக அழுதோம் என்பதுதான் ராஸுக்கு ஞாபகமில்லை.

அவனுடைய நினைவுகளே அந்த நாளில்தான் தொடங்கின. அம்மா அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்கப்புறம் ஊர் ஊராகக் குடிமாறினார்கள். அப்பாவுக்கு எந்த ஊரும் ஒட்டவில்லை. கனவில் மட்டும் அந்தப் பசு விடாமல் சுற்றியது. வளர்ந்த பிறகும் சில நாள் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறான், ஏனென்றே தெரியாமல்.

கண் கலங்குவதை மறைக்கப் பேச்சை மாற்றினான். "எதிர்வீட்டுல பகல்லயும் லைட் எரியுதே, அணைக்க மறந்துட்டாங்களா?"

"மறக்கல." வெல்மா சோளத்தைப் பையில் போட்டாள். "அதப் பத்தி இங்க யாரும் கேக்கறதில்ல."

ராஸ் காரிலிருந்து தொப்பியை எடுத்துவந்தான். சாப்பிட வரும் பிள்ளைகளுக்கெல்லாம் பேர் எழுதித் தொப்பி கொடுப்பது அந்தக் கடை வழக்கம். அதில் 'டெனி' என்று எழுதி அடித்துவிட்டு, கீழே 'ராஸ்' என்று எழுதியிருந்தது.

வெல்மா அதைக் கையில் வாங்கினாள். சோளப்பை நழுவிக் கீழே விழுந்ததை அவள் கவனிக்கவேயில்லை. இதை ஏன் அடித்து எழுதியிருக்கிறது என்று தெரியுமா எனக் கேட்டாள்.

"ஆர்டர் எடுக்க வந்த பொண்ணு தப்பா எழுதிட்டா. அப்பா சிரிச்சுக்கிட்டே திருத்தச் சொன்னாரு."

"அந்தப் பொண்ணு நான்தான். உன் பேர உங்கிட்டதான் கேட்டேன். நீ சொன்னதத்தான் எழுதினேன்."

ராஸ் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள். காணாமல்போன பிள்ளைகளின் படத்தைப் பால் டப்பாவில் அச்சடிப்பது அப்போது வழக்கமாம். கொஞ்ச நாளில், கடைக்கு வந்த பால் டப்பாவில் காணாமல்போன குழந்தை என்று ஒரு படம் போட்டிருந்ததாம். படத்துக்குக் கீழே 'டெனி' என்றிருந்ததாம். போலீசுக்கு ஓடினாளாம். கார் எந்தப் பக்கம் போனது என்பதற்குமேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லையாம். அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்கியதில்லை என்றாள்.

ராஸ் காருக்குள் இருந்த தகர டப்பாவைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை தூரம் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தது யாருடைய சாம்பல்?

வெல்மா அவன் தோளைப் பிடித்து, எதிர்வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"கடைசியா உன்னப் பாத்த இடம் இதுன்னு கேள்விப்பட்டு, அவ இங்கயே வந்து குடியேறிட்டா. போ டெனி, போய் உங்கம்மாகிட்ட அந்த விளக்க அணைக்கச் சொல்லு."