படிக்க மீதி நேரம்

தம்பியின் கம்ப்யூட்டரில் அறுநூற்றுச் சொச்சம் மின்நூல்கள். அக்காதான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அவன் பக்கத்து அறையில் படுத்திருந்தான்.

ஒவ்வொரு நூலுக்கும் நேரே 'படிக்க மீதி நேரம்' என்று ஓர் எண் இருக்கும். அவன் பக்கம் புரட்டும் வேகத்தைப் பார்த்து, தலையணை தடிமனில் இருப்பதற்கு முப்பது மணி நேரம், குட்டிக் கதைக்குப் பத்து நிமிடம் என்று மென்பொருளே கணக்குப் போட்டுவிடும்.

இன்று எல்லா நூல்களுக்கும் மூன்று மணி இருபது நிமிடம் என்றிருந்தது. ஏதோ கோளாறென்று மறுபடி கணக்கிட வைத்தாள்; அது முடியக் கால் மணி நேரமாயிற்று. எல்லாவற்றுக்கும் மூன்று மணி ஐந்து நிமிடம்.

டாக்டருக்குப் போன் செய்தாள். "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சிரித்தார்.

"அக்கா, பாதியில விட்ட துப்பறியும் கதைய என் டேப்லெட்டுக்கு அனுப்பேன். கொலைகாரன் யாருன்னு தெரியாம மண்டை வெடிக்குது."

"இருடா, அவசரத்துக்குப் பொறந்தவனே."

அந்தக் கதை முடிய இன்னும் நானூறு பக்கம் இருந்தது; அவன் வேகத்துக்குப் பத்து மணி நேரமாவது ஆகும். அவள் கோப்பைத் திறந்து, நடுவிலிருந்த இருபத்திரண்டு அத்தியாயங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். வெட்டிய இடம் தெரியாதபடி அத்தியாய எண்களை மாற்றி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் குரல் உற்சாகமாகக் கேட்டது. "இன்னைக்கு என்னமோ வேகமாப் போகுதுக்கா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன் போல."

"முடிச்சிருடா" என்றாள்.