சலங்கையக் காணோம்

"சலங்கை எங்கடீ?"

அருள்முருகன் போட்ட சத்தத்துல செம்மண்டலத்துல எங்க தெருவே வாசலுக்கு வந்துடுச்சு.

மவன் செந்தமிழ்செல்வனுக்கு அன்னைக்கு சாயங்காலம் சிதம்பரத்துல ஆட்டம். சிவராத்திரி நாட்டியாஞ்சலி. புள்ளைக்கு மொத மேடை. சலங்கையக் காணோம்.

"பூஜை ரூமுலதாம்மா வெச்சேன். சலங்கை இல்லாம டான்ஸ் சார் மேடையேத்த மாட்டாரும்மா." புள்ள அழ ஆரம்பிச்சுடுச்சு.

பொருளு காணாமப் போனா சந்தேகப்படறதுக்கு நமக்குச் சொல்லியா தரணும்? போன வருஷம் எதிர்வீட்டு மலர்க்கொடி குக்கரக் காணோம்னு வேலைக்காரியத் தொரத்திட்டா. அப்புறம் பாத்தா நாத்தனாருக்கு இவளே குடுத்தனுப்பியிருக்கா. அத விடுங்க.

"வேற யாரு? உன் தம்பிதான்!" அருள்முருகன் பொண்டாட்டி மாலதியப் பாத்துக் கத்துனாரு.

தம்பி தங்கராசு, மொத நாள்தான் சேத்தியாத்தோப்புலேந்து வந்தவன். வந்ததுலேந்து ஒரே நக்கல். "என்னடா மாப்ள, மீச மொளைக்கிற வயசுல கண்ணுக்கு மை தீட்டிக்கிற? அந்தச் சலங்கைய எங்க காளைக்குக் குடு, பொங்கலுக்காவது ஆவும்."

இத்தனைக்கும் அவன் தாத்தா ஆண்டி, கூத்துல பாஞ்சாலி வேஷம் கட்டுனா மூணு ஊரு ஆம்பளைங்க பாய் போட்டு எடம் புடிப்பாங்க. பேரன் இப்பிடி.

அருள்முருகன் அப்பிடி இல்ல. "ஆணென்ன பொண்ணென்ன, எம்புள்ள ஆடுவான்"னு தெரு சங்கத்துல மைக்குலயே பேசுனவரு. அதக் கேட்டு அவரு ஆபீஸ்லேந்து ஒரு வேன் ஆளுங்க ஆட்டம் பாக்கக் கெளம்பிட்டாங்க. சேதி வந்ததுலேந்து மனுஷனுக்கு இருப்பே கொள்ளல.

"காலைலயே மஞ்சப்பையோட போனான். சொல்லிக்கக்கூட இல்ல," மாலதி இழுத்தா.

"பாத்தியா! கெடிலம் ஆத்துல வீசிட்டுக் கையக் கழுவிட்டு வருவான். சாருக்கு போன் போட்டு புள்ள வரலன்னு சொல்லிடு. என்ன பண்றது, நம்ம விதி."

மாலதி போனக் கையில எடுக்க, தங்கராசு உள்ள நொழைய, சரியா இருந்துச்சு. போனக் கீழ வெச்சுட்டுப் பைய வெடுக்குனு புடுங்கிக் கவுத்தா. ஒரு ஜோடி சலங்கை வுழுந்துச்சு.

"திருட்டுப் பயலே!"

"நல்லாப் பாருக்கா."

புதுத் தோலு. கடையில கட்டுன நூலுகூட அவுக்கல.

"பழசுல மணியெல்லாம் தையல் விட்டுத் தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. மேடையில உதுந்தா ஊரே சிரிக்காதா? திருப்பாப்புலியூர்ல கடை தொறக்கற வரைக்கும் நின்னு வாங்கியாந்தேன்."

"நீயே சிரிச்சியேடா?"

"நான் தாய்மாமன். சிரிப்பேன். வேற எவனாவது சிரிக்கட்டும், பாக்கறேன்." மருமவன் கால இழுத்து மடியில வெச்சு அளவு பாத்தான். "காளைக்குக்கூட இவ்ளோ பொருத்தமா இருக்காதுடா மாப்ள."

அழுதுகிட்டிருந்த புள்ள சிரிச்சுடுச்சு. மாலதி மூக்க உறிஞ்சிக்கிட்டே கேட்டா, "அப்ப பழசு எங்கதான் போச்சு?"

"போனாப் போவுது, விடு." அருள்முருகன் எழுந்தாரு. "நான் போயி மாலை வாங்கியாரேன்."

வாசல் சரிவுல அவரு ஸ்கூட்டரு தடக்குனு எறங்குச்சு.

சீட்டுக்கு அடியிலேந்து ஜல்... ஜல்...