அரைஞாண் கயிறு

எங்கள் கணினி ஆய்வகத்துக்குள் பென் டிரைவ் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பைகளைத் தடவிப் பார்த்துவிடுவார்கள். அரைஞாண் கயிற்றை மட்டும் யாரும் தடவுவதில்லை. பூவலிங்கம் தன் பென் டிரைவை அங்கேதான், தாயத்துக்குப் பக்கத்தில், கட்டியிருந்தான். படம் வடிவமைக்கும் மென்பொருள் முழுக்க அதற்குள்ளேயே இருந்தது. கணினியில் எதையும் நிறுவ வேண்டாம்; செருகினால் ஓடும், பிடுங்கினால் நின்றுவிடும். கயிறு குட்டை. அதனால் மேசைக்கடியில் இருந்த சிபியூவோடு இடுப்பை ஒட்டிவைத்துச் சாய்ந்தபடி, பதினொரு மணி விழாவுக்கான பேனரை முடித்து, சேமிக்கக் கொடுத்திருந்தான். எழுபது சதவீதம் ஆகியிருந்தபோது துறைத்தலைவர் உள்ளே வந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்தோம். அவன் எழவில்லை. “துரை எந்திரிக்க மாட்டீங்களோ?” “அவனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு சார்” என்றேன் நான். அவர் முகம் இளகிவிட்டது. “டிஸ்க்கா? எனக்கும் அதேதான்ப்பா. நீயா அசையாத, நான் தூக்கி விடுறேன்” என்று அவன் அக்குளில் கைகொடுத்தார். பூவலிங்கம் நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டான். “ஐயோ வேணாம் சார், ஒயரு... நரம்பு சார், நரம்பு இழுக்குது!” குனிந்தவர் கயிற்றைப் பார்த்தார். அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அதில் அவரே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியை மெல்ல இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. “தம்பி,” என்றார் தணிந்த குரலில், “முன்னந்தலையில முடி கொஞ்சம் சேர்க்க இதுல வழி இருக்கா?”