அணைத்து வைத்த மைக்

பழைய நாடகக் கொட்டகைக்குள் மதிய வெயில் கூரை ஓட்டை வழியாக ஒரு கம்பு போல இறங்கி, கிழிந்த நாற்காலி ஒன்றின்மேல் நிற்கிறது. நகரத்தின் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிக்குக் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டு கிடக்கிறது. காலரில் குத்தியிருக்கும் மைக்கை அணைத்துவிட்டு, தூணோரமாக நின்று தண்ணீர் குடிக்கிறாள். அவள் பேசுவதைக் காதுக் கருவியில் கேட்டபடி வந்த ஒன்பது பேரும் மேடையைப் பார்த்து நிற்கிறார்கள். திடீரென்று ஒன்பது தலைகளும் ஒரே சமயத்தில் இடப்பக்க மாடியை அண்ணாந்து பார்க்கின்றன. யாரோ களுக்கென்று சிரிக்கிறார். அந்த ஒன்பதில் ஒருத்தியாக டிக்கெட் வாங்காமல் ஒட்டிக்கொண்டு வந்த நாத்தனார், தூணுக்குப் பக்கத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வழிகாட்டி மைக்கைக் குனிந்து பார்க்கிறாள். அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை. “காதுல என்னடி கேக்குற?” என்று நாத்தனாரின் தோளைத் தட்டுகிறாள். “நீங்க சொல்றதைத்தான், அண்ணி. பாவம் அந்தப் பொண்ணு. தண்ணி குடிக்க ஒதுங்குனவ அப்புறம் இங்கேருந்து வெளிய போகவே இல்லையா?” அப்படி ஒரு கதையை அவள் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. நாத்தனாரின் கருவியைப் பிடுங்கித் தன் காதில் வைக்கிறாள். அவளுடைய குரலேதான். அதே இழுவை, அதே செருமல். “இப்ப எல்லாரும் மெதுவா திரும்புங்க,” என்கிறது அது. “அவ அந்தத் தூணோரமாத்தான் நிக்கிறா.” மற்ற எட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்புகின்றன.