அக்காவுக்கு எப்படி இருக்கு?

“அக்கா இன்னும் எத்தனை நாள் இருப்பாங்கன்னு தோராயமாவது தெரிஞ்சா, அச்சகத்துல சொல்லி வெச்சிடுவேன்” என்றார் பதிப்பாளர். குரலில் குழைவுக்குக் குறைச்சல் இல்லை.

தங்கை போனைக் காதில் வைத்தபடி சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவர் தொடர்ந்தார். அவசரம் ஒன்றும் இல்லையாம். ஆனால் புத்தகக் காட்சிக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லதாம். எல்லாம் தயார், கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. அட்டைப்படத்தைக்கூட அனுப்பியிருந்தார்: ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி. அதை அவள் அக்காவிடம் காட்டவில்லை.

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் பதறாதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே பகல் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் கதை எழுதி இணையத்தில் போடுவாள். வருஷக்கணக்காக எழுதியும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி மட்டும் படிக்காமலே ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போவாள்.

பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த அக்காவுக்குப் புற்றுநோய் வந்தபிறகு எல்லாம் மாறிவிட்டது. முடி தானாகக் கொட்டுவதற்கு முன் நீயே மழித்துவிடு என்று அக்கா கேட்டாள். அன்றைக்குக் குளியலறையில் இரண்டு பேரும் அழுததையும், நடுவில் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்ததையும் தங்கை அப்படியே எழுதிப் போட்டாள். விடிந்து பார்த்தால் முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அதைப் படித்திருந்தார்கள்.

அப்புறம் வாரம் தவறாமல் அக்காவைப் பற்றியே எழுதினாள். கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. அக்கா சாப்பிட்டாங்களா, அக்காவுக்கு இப்போ எப்படி இருக்கு என்று போன் ஓயாமல் துடித்தது. பஸ்ஸில் யாரோ ஒரு பெண் இவளை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதையெல்லாம் அக்காவிடம் வந்து சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும். “எழுது, எழுது. இதுக்குத்தானே இத்தனை வருஷம் தவியாத் தவிச்சே?” என்பாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பிய அக்கா, மருந்தை நிறுத்திவிட்டார்கள், இனிமேல் எப்போதாவது வந்து காட்டினால் போதுமாம் என்றாள். தங்கைக்கு ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அக்கா மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த வாரம் அவள் எழுதியதைத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் பேர் படித்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பதிப்பாளர் கூப்பிட்டார். சேதி கேட்டு அவளைவிட அக்காதான் அதிகம் பூரித்துப்போனாள்.

அன்றிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகும். அக்காவோடு பேசுவது குறைந்து, அக்காவைப் பற்றி எழுதுவது அதிகமாகிவிட்டது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் போனும் கையுமாகத்தான் திரிந்தாள்.

பதிப்பாளர் போனை வைத்ததும் பாத்திரம் தேய்க்க நின்றாள். பாதியில் மனசுக்குள் ஒரு வரி வந்து விழுந்தது. ‘அக்கா போன பிறகுதான் இந்த வீட்டில் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது.’ நல்ல வரி. மறந்துவிடப் போகிறது என்று ஈரக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“கொஞ்சம் தண்ணி கொடேன்” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை நாளாகத் தன்னை அலைக்கழித்ததைப் பயம் என்றுதான் நினைத்திருந்தாள். தான் காத்துக்கொண்டும் இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த இடத்திலேயே பதிப்பாளரைக் கூப்பிட்டாள். புத்தகம் வேண்டாம், இனி அக்காவைப் பற்றி எழுதப்போவதும் இல்லை என்று சொன்னாள். இவ்வளவு வாசகர்கள் இன்னொரு தடவை அமைய மாட்டார்கள், நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். யோசித்துவிட்டேன் என்று வைத்துவிட்டாள்.

தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பதிப்பாளர் கேட்டது, காலி நாற்காலி, பாத்திரம் தேய்க்கும்போது வந்த வரி என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். “எனக்குப் புத்தகமும் வேணாம், எவரும் படிக்கவும் வேணாம். இருக்கிற நாள் வரைக்கும் உன்கூட உட்கார்ந்து பேசிட்டிருந்தாப் போதும்கா” என்று போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்கா தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்தாள். “நிஜமாவே வேணாம்னு சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“மனசு மாறித் திரும்பக் கூப்பிட மாட்டியே?”

“மாட்டேன்.”

அக்கா போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். ஜன்னலை விரியத் திறந்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

“இதைப் போன மாசமே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? உன் புத்தகம் வரட்டும்னுதான்டி, குணமான பிறகும் படுத்துக் கிடக்கேன்.”